அம்பு ஒட்டிய வரி

குர்ஷித்தைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவள் எழுதியதைக் கெடுத்தவள் நான்தான் என்பதை வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

எங்கள் இருவருக்குமே ஊர் மாதனூர். ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. அவள் பதினோரு வருடமாக ஷூவின் மேல்பாகம் தைக்கும் மிஷினில் உட்காருகிறாள். நான் செக்கிங். இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்ட எழுத்தாளர் ஜெபகனி என்ற பெயரும் எனக்கு உண்டு. அந்தப் பெயர் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

குர்ஷித் பத்தாவது வரை படித்தவள். வீட்டில் பேசுவது உருது, பள்ளியில் படித்தது தமிழ். ஆட்டோ ஓட்டும் கணவன், இரண்டு பெண் பிள்ளைகள், மூட்டுவலிக்கார மாமனார். விடிவதற்குள் எல்லோருக்கும் சமைத்துவைத்துவிட்டு ஓடிவந்து கம்பெனி பஸ்ஸில் ஏறுவாள். ஏறியதும் வாயைத் திறந்தால் கம்பெனி கேட் வரும்வரை மூடமாட்டாள். முன்சீட்டுப் பெண்களெல்லாம் கழுத்து வலிக்கத் திரும்பி உட்கார்ந்து கேட்பார்கள். டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார்.

எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது, அவளைப் பெண் பார்க்க வந்த கதையை. அவள் அப்பா வீட்டில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. பக்கத்து வீட்டு வாஹித் பாஷாவிடம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே வாஹித் பாஷா வந்து, "எங்க வீட்டுக்கும் ஆளு வந்திருக்கு, சேரைக் குடுங்க" என்று நின்றாராம். பெண் வீட்டாருக்கு மானமே போய்விட்டது. பெரியவரோ எழுந்து, டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நாற்காலியைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதை எழுதேன் குர்ஷித்" என்று நான்தான் சொன்னேன். ஒரே மாதத்தில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து படித்தேன். மூன்று இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "கேட்டதும் எழுந்து சேரைக் குடுக்கிற மனுசன் வீட்டுல கஞ்சி குடிச்சாலும் தொண்டையில எறங்கும்னு தோணுச்சு. சரின்னு சொல்லிட்டேன்."

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். இருபது வருடமாக எழுதுகிறேன், அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

செக்கிங்கில் எங்களுக்குச் சின்னச் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கொடுப்பார்கள். தையல் விலகிய இடம், தோலில் கீறல், பசை வழிந்த இடம் என்று எது கண்ணில் பட்டாலும் அதைக் காட்டி ஓர் அம்பு ஒட்டுவோம். காரணம் சொல்வதில்லை. நன்றாகத் தைத்த இடத்துக்கு ஒட்ட எங்களிடம் ஒன்றும் கிடையாது. கைப்பையில் ஒரு ஷீட் கிடந்தது. அவள் நோட்டில் முப்பத்தோரு இடத்தில் ஒட்டினேன். பாதிக்குமேல் நியாயமான அம்புகள்தான். சிரித்த இடங்களில் ஒன்றும் குறிக்கவில்லை. கஞ்சி வரிக்கு மட்டும் கை நீண்டது. கல்யாணப் பேச்சில் கஞ்சி எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒட்டினேன்.

மிஷினில் உட்காருபவள் அம்பைப் பார்த்தால் ஏன் என்று கேட்கமாட்டாள். பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பாள். குர்ஷித்தும் அதையே செய்தாள். இரண்டாவது நோட்டு வந்தது, மூன்றாவதும் வந்தது. மூன்றாவதில் ஒட்ட எனக்கு இடமே இல்லை. ஒரு பிழை கிடையாது, உயிரும் கிடையாது. "பாஸ்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

ஒரு சிறு பத்திரிகைக்கு அனுப்பினேன், போட்டார்கள். பஸ் முழுக்க லட்டு கொடுத்தாள். பத்திரிகை கைமாறிக் கைமாறிப் போனது. "நல்லா இருக்குடி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் வேலூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் நான் பேசினேன். தன் பிழையைத் தானே பார்க்கத் தெரிந்தவர்தான் வளர முடியும் என்றேன். கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு குர்ஷித் பஸ்ஸில் கதை சொல்வதில்லை. பின்சீட்டு பிரிசில்லா கேட்டுப் பார்த்தாள். "வாயால சொன்னா தப்பு ஜாஸ்தி வருது. எழுதிப் பாத்துட்டு சொல்றேன்" என்றாள் குர்ஷித். டிரைவர் மறுபடி பாட்டுப் போட ஆரம்பித்தார். நான்கு மாதம் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, குற்றவாளிபோலப் போய்வந்தேன்.

போன வாரம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "குர்ஷித், அந்த மொதல் நோட்டு இருக்கா? எனக்குக் குடேன்."

"அது ரிஜெக்ட் ஆனதாச்சே அக்கா. எதுல கலந்துடுமோன்னு அப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன்."

கம்பெனியிலும் அதுதான் வழக்கம். தேறாத துண்டு நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்று வெட்டிப் போட்டுவிடுவார்கள். எனக்கு அழுகை வந்தது. அந்த வரியை ஓர் எழுத்து விடாமல் அவளிடம் சொன்னேன். மறக்க முடிந்திருந்தால்தானே.

கண்ணை விரித்துக் கேட்டாள். "ரொம்ப நல்லா இருக்கே அக்கா! நீங்க எழுதினதா?"

"நீ எழுதினதுடி. நான்தான் பொறாமைல அம்பு ஒட்டினேன்."

குர்ஷித் சிரித்து என் தோளில் தட்டினாள். "போங்கக்கா. எனக்கு இன்னா, இப்படில்லாம் எழுத வருமா? வந்திருந்தா நீங்க அம்பு ஒட்டியிருப்பீங்களா?"