வெடிக்காத டயர்

லாரி டயர் பஞ்சரானால் இரண்டு வழிதான் உண்டு. ஒட்டலாம், இல்லையென்றால் மாற்றலாம். அதை முடிவு செய்கிறவரே அந்த டயரின் மேல் உட்கார்ந்து மலை ஏறுகிறவராகவும் இருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. எங்களுக்கு அப்படி வாய்க்கவில்லை. மலை ஏறுகிறவர் அப்பா. முடிவு செய்கிறவர் ராஜபாளையத்தில் தன் கிடங்கில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்த முதலாளி.

அப்பா அவரிடம் டிரைவர். அம்மாவின் தம்பி, என் மாமா, அதே லாரியில் கிளீனர். நான் நான்காம் வகுப்பு முடித்து லீவில் இருந்தேன். அம்மா மில்லுக்குப் போய்விடுவாள், என்னை வீட்டில் தனியாக விட முடியாது. அதனால் பக்கத்து ஊர் ஓட்டமாக இருந்தால் அப்பா என்னையும் ஏற்றிக்கொள்வார். விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல்தான் கூட்டிப்போகிறார்கள் என்பது தெரியாமல் நான் தெருப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். வெடித்த டயரைக் கொண்டுவந்து கிடங்கில் போட்டால்தான் புது டயர் கிடைக்கும். தேய்ந்தது, கிழிந்தது, கம்பி தெரிவது எதற்கும் கிடையாது. வெடித்திருக்க வேண்டும். அவரே குனிந்து கையால் தடவிப் பார்ப்பார். டிரைவர்கள் நல்ல டயரை விற்றுவிட்டுப் பழசைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று காரணம் சொல்வார். எவனோ ஒருவன் செய்திருப்பான். அதற்காக எல்லோரும் வெடிக்கிற வரைக்கும் ஓட்ட வேண்டும். டயர் வெடிக்கிற நேரத்தில் வண்டிக்குள் ஆள் இருப்பார்கள் என்பதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு வத்திராயிருப்பில் நெல் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரிசி ஆலையில் இறக்கினோம். வண்டி காலியானதும் மாமா வழக்கம்போல இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு டயர் டயராகத் தட்டிக்கொண்டே வந்தார். காற்று சரியாக இருந்தால் கம்பி துள்ளும். இடது பக்கம், பின்னால், ஜோடி டயரில் வெளியே இருப்பதைத் தட்டியபோது துள்ளவில்லை. தொப்பென்று கேட்டது. மாமா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஊரை விட்டு வெளியே ராஜபாளையம் ரோட்டில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. அங்கே உருட்டி உருட்டி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கடைக்காரர் டயரைப் பிரித்து டியூபை வெளியே எடுத்தார். ஒரு ஆணி. அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தோம். பிறகு அவர் டயருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். டயரின் பக்கவாட்டில், வெளியிலிருந்து பார்த்தால் சேறு மூடித் தெரியாத இடத்தில், ஒரு கிழிசல். உள்ளேயிருந்து விரலைக் கொடுத்தார். விரல் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. எனக்காக அதை ஆட்டிக் காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"டியூபு பிரச்சினையே இல்ல அண்ணாச்சி. டயருதான் செத்துப்போச்சு. உள்ள துண்டு வச்சு ஒட்டித் தாரேன், ஊருக்குள்ள ஓட்டுங்க. லோடு ஏத்திட்டு மலைக்குப் போறதா இருந்தா, என் கடையில ஒட்டுனதுன்னு யார்ட்டயும் சொல்லிறாதிய."

"சொல்றதுக்கு ஆளு மிஞ்சுனால்லா சொல்லப் போறோம்" என்றார் மாமா. கடைக்காரரும் சிரித்தார். மாமாவின் வாய் அப்படி. முகத்துக்குப் பவுடர் போடாமல் வண்டி ஏற மாட்டார், பவுடர் டப்பா டேஷ்போர்டில் இருக்கும். சாவைப் பற்றிப் பேசுவதும் பவுடரைப் பற்றிப் பேசுவதும் அவருக்கு ஒன்றுதான்.

வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி என்று ஒரு மாற்று டயர் தொங்கியது. கடைக்காரர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, அதற்குக் கிழிந்ததே தேவலை என்றார்.

அப்பா கிழிசலைப் படம் எடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பிறகு போன் போட்டார். அந்தப் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் குரல் கேட்கும். அதனால் நாங்கள் எல்லோருமே கேட்டோம்.

"பார்த்தேன்பா. கிழிஞ்சிருக்கு. வெடிக்கலைல்லா?"

"வெடிக்கலை மொதலாளி. நாளைக்குக் கொல்லத்துக்கு சிமெண்டு லோடு. ஆரியங்காவு மலை ஏறணும். தாங்காது."

"தாங்காதுன்னு நீயா சொன்னா எப்படி? டயரு சொல்லட்டும். ஒட்டிட்டு வா. கொல்லம் போயிட்டு வா, பொறவு பார்ப்போம்." கொஞ்சம் நிறுத்தி, "பாப்பாவும் வந்திருக்காளோ? வெயிலு, அவளுக்கு ஏதாச்சும் குடிக்க வாங்கிக் குடு" என்றார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. போனிலேயே என்னை விசாரிக்கிற பெரிய மனுசன்.

மாமா அப்பாவின் காதருகே போனார். "அத்தான், கத்தியை வச்சு ஒரே இழு. வெடிச்ச மாதிரி ஆக்கிருதேன்."

"வெட்டு எது, வெடி எதுன்னு அந்த ஆளுக்குத் தெரியும் மாப்ளே. போன வருசம் ஒருத்தன் அப்படிச் செஞ்சு வேலை போய் நிக்கான்."

அப்பா பக்கத்து டீக்கடைக்குப் போனார். டீ வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். டீயில் ஆடை கட்டியது. கடைசியில் கடைக்காரரிடம் ஒட்டச் சொன்னார். ஒட்டி, மாட்டி, காற்று அடிக்கும்போது, இன்னும் கூட்டி வை என்றார். அம்புட்டு வேண்டாம் அண்ணாச்சி என்று கடைக்காரர் சொன்னார். நீ வை என்றார் அப்பா. பிறகு மாமாவிடம் தலையை அசைத்தார். மாமா அதே ஜோடியில் உள்ளே இருக்கிற நல்ல டயரின் வால்வை அழுத்திக் காற்றைப் பாதி இறக்கிவிட்டார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. கெட்ட டயருக்குக் காற்றைக் கூட்டிவிட்டு நல்ல டயரில் ஏன் இறக்குகிறார்கள் என்று கேட்டேன். ஏட்டி, அதுக்குக் காய்ச்சல் என்றார் மாமா.

பிறகுதான் அப்பா அதைச் சொன்னார். "மாப்ளே, நீ பாப்பாவைக் கூட்டிட்டு பஸ்ஸுல போ. நான் வண்டியைக் கொண்டாரேன்."

நான் கேபினுக்குள் ஏறி கியர் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மாமா ஜன்னல் சீட்டு பிடித்துத் தருகிறேன் என்றார். பால்கோவா என்றார். பஸ்ஸில் எவள் போவாள்? நான் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு அலறினேன். வெறும் வண்டிதானே அத்தான், பின் டயருதானே, வெடிச்சாலும் சத்தம்தான் வரும், நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல உக்காரட்டும் என்று மாமா சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். சரி என்று ஏறினார்.

அப்பா வண்டி ஓட்டினால் டேஷ்போர்டில் வைத்த டம்ளரில் தண்ணீர் தளும்பாது என்று மாமா பெருமையாகச் சொல்வார். அன்றைக்கு அப்பா ஓட்டியது ஓட்டலே இல்லை. இடது சக்கரத்தைத் தாரிலிருந்து இறக்கிச் சரளில் விட்டார், மறுபடி விளிம்பில் மோதி மேலே ஏற்றினார். வேகத்தடையில் பிரேக் தொடவில்லை. பள்ளத்தைப் பார்த்தால் அதற்குள்ளேயே விட்டார். ஓரிடத்தில் ரோட்டை அகலப்படுத்தக் கருங்கல் குவித்திருந்தார்கள். அதன் ஓரத்தில் பின் சக்கரத்தை ஏற்றி இறக்கினார். பின்னால் வந்த கார்க்காரன் ஒலிப்பானை அழுத்தியபடி எங்களைத் தாண்டும்போது, குடிச்சிருக்கியாலே என்று கத்திவிட்டுப் போனான்.

மாமா ஜன்னலில் இடுப்புவரை வெளியே சாய்ந்து பின்னால் டயரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்ளே?"

"இல்ல அத்தான்."

மறுபடி ஒரு பள்ளம். "இப்ப?"

"இல்ல. தாங்கிட்டு நிக்கி சவம்."

இல்லை என்று சொல்லும்போது மாமா ஏன் முகத்தைத் தொங்கப் போடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. வெடிக்கவில்லை என்றால் சந்தோசம்தானே. நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினேன். எங்கள் சர்ச்சில் ஞாயிறு பள்ளி டீச்சர், கேட்கிறதை ஆண்டவரிடம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் தெளிவாகக் கேட்டேன். எந்தப் பக்கம், எந்த டயர், உள்ளா வெளியா என்றுகூடச் சொன்னேன். அது வெடிக்கக் கூடாது என்று கேட்டேன்.

அப்பா வேகத்தைக் கூட்டினார். வண்டி கடகடவென்று உதறியது. ஒரு குழியில் விழுந்தபோது நான் எம்பிப் போய் டேஷ்போர்டில் நெற்றியை இடித்துக்கொண்டேன். அழவில்லை. அழுதால் இனிமேல் ஏற்றமாட்டார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பா திரும்பி என் நெற்றியைப் பார்த்தார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் அவர் முயன்று பார்த்தார். வேகம் ஏறும், என் பக்கம் ஒரு பார்வை வரும், வேகம் இறங்கிவிடும். ஜெபம் கேட்கப்படுகிறது என்று நான் இன்னும் அழுத்தமாகக் கண்ணை மூடினேன்.

ராஜபாளையம் வந்துவிட்டது. டயர் வெடிக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தியதும் நான் குதித்து இறங்கிக் கை தட்டினேன். வெடிக்கவே இல்லை, வெடிக்கவே இல்லை என்று ஆடினேன். அப்பா டயருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கிழிசல் இருந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். மாமா கண்ணாடியில் தலை சீவினார். பிறகு இருவரும் வண்டியைக் கொண்டுபோய், இறக்கிவிட்ட உள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு வந்தார்கள்.

போக மாட்டேன் என்று அப்பா முதலாளியிடம் சொல்லியிருக்கலாமே என்று பலர் பின்னால் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். நன்றாகக் கேட்டார்கள். அம்மா போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார்கள். சொன்னால் சாவியை வாங்கி வேறு ஒருத்தன் கையில் கொடுப்பார்கள். அவன் அதே டயரில் போவான். இவர் வீட்டில் இருப்பார். இதுதான் நடக்கும். கேட்டவர்களுக்கும் இது தெரியும்.

மறுநாள் சிமெண்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். அளவுக்கு மேல்தான் ஏற்றியிருந்தார்கள், எப்போதும் அப்படித்தான். தேவதானம், சிவகிரி, தென்காசி என்று சமதளம் முழுக்க அந்த டயர் தாங்கியிருக்கிறது. புளியரை தாண்டி ஏற்றத்தில், ஒரு வளைவில் வெடித்தது. பாரம் முழுக்க உள் டயர் மேல் இறங்கியது, அதுவும் போனது. வண்டி இடது பக்கம் சாய்ந்து பாறையில் போய் உட்கார்ந்தது. கிளீனர் உட்கார்வது இடது பக்கம். அப்பாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. மாமாவை வெளியே எடுக்கவே வெகுநேரம் ஆனதாம். எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய தேவை இருக்கவில்லை.

முதலாளி மாலையோடு வந்தார். அடக்கச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். என் தலையைத் தடவினார். நல்ல மனுசன் என்று தெருவே சொன்னது. வேறு ஒரு லாரியில் அந்த வெடித்த டயரை மலையிலிருந்து எடுத்துவந்து கிடங்கில் போட்டார்கள். அவர் குனிந்து தடவிப் பார்த்துவிட்டுப் புது டயர் கொடுத்தார் என்று கிடங்கில் வேலை பார்த்தவர் வந்து சொன்னார். அவர் சட்டத்தை மீறவில்லை. டயர் சொல்லிவிட்டது, அவர் கொடுத்துவிட்டார்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, அப்பா கட்டுப் போட்ட தோளோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. அம்மா அடுத்த அறையில் படுத்திருந்தாள். அப்பாவுக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று.

"அப்பா, அன்னைக்கு நம்ம வரும்போது வெடிக்கலைல்லா. அது நான் ஜெபம் பண்ணதுப்பா. நான்தான் வெடிக்கக் கூடாதுன்னு கேட்டேன்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். என் நெற்றியில் டேஷ்போர்டு இடித்த இடம் அப்போதும் லேசாக வீங்கியிருந்தது. நல்ல கையால் அதைத் தொட்டார். பிறகு அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. கட்டுப் போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய் என் கண்ணில் படாத பக்கம் திரும்பி நின்றார்.

தோள் வலிக்கிறது போல என்று நினைத்தேன். அது சீக்கிரம் ஆற வேண்டும் என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.