ஹார்லனின் வியாழக்கிழமைச் சாவு

வெர்னெல் ஸ்டோக்லி, மொன்டானாவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டே விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போனவள். வாய் மட்டும் கொஞ்சமும் தேயவில்லை. வியாழக்கிழமை பெண்கள் துப்பாக்கி சுடும் கூட்டத்துக்கு அவள் வராத வாரமே கிடையாது. நான் துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்கிறவன். சுடும் இடம் கடைக்குப் பின்னாலேயே இருப்பதால் அவள் பேச்சில் பாதி என் காதில் விழும்.

இந்த வசந்தத்தில் அவளால் பிஸ்டலின் மேல்பகுதியைப் பின்னால் இழுக்கவே முடியவில்லை. இழுத்தால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். வாரா வாரம் பக்கத்தில் நிற்பவளிடம் நீட்டி, "கொஞ்சம் இழுத்துக் கொடேன்" என்று கேட்பது அவளுக்கு மானக்கேடாக இருந்தது. சுடுவதையே விட்டுவிட்டு ஸ்வெட்டர் பின்னப் போவதாக மிரட்டினாள். அந்த விரலை வைத்துக்கொண்டு எதைப் பின்னுவது?

புதிதாக ஒன்று பார்க்கலாம் என்றேன். கைக்கு அடக்கமான சின்ன பிஸ்டல் ஒன்றைச் சுட்டுப் பார்த்துவிட்டு, கழுதை மாதிரி உதைக்கிறது, உன் மாமியாருக்குக் கொடு என்று திருப்பித் தந்தாள். இன்னொன்றின் பிடி தடிமனாக இருந்தது, விரல் விசைக்கே எட்டவில்லை. கடைசியில் கைப்பையிலிருந்து தன் பழைய இரும்பு பிஸ்டலையே எடுத்து வைத்தாள். கனமென்றாலும் அதுதான் கையில் ஆடாமல் நிற்கிறதாம்.

எங்கள் கடையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆரின் அதை வாங்கிக்கொண்டான். மரப் பிடியைச் சீவி மெலிதாக்கினான். இழுக்க லேசான ஸ்பிரிங் போட்டான். விசை வழுக்கிக்கொண்டு போகும்படி செய்தான். அந்த வேலையோடு வேலையாக ஒரு சின்னத் தகட்டையும் கழற்றினான். மேகசினை, அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியை, வெளியே எடுத்ததும் விசையைப் பூட்டிவிடுகிற தகடு அது. அது இருந்தால் விசை கரகரக்கும் என்று இங்கே எல்லோருமே கழற்றச் சொல்வார்கள். அதனால் ஆரின் அதை ஒரு சேதியாகவே சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமை யார் உதவியும் இல்லாமல் இழுத்தாள். குறிப்பலகையின் நடுவிலேயே ஓட்டை ஓட்டையாகப் போட்டாள். ஆரினின் வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, வழித்துணைக்காகத் துப்பாக்கியில் மறுபடி தோட்டா ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவள் போன பிறகு தூண்டில் முள் வாங்க அவள் புருஷன் ஹார்லன் வந்தான். பேச உட்கார்ந்தால் எழுந்திருக்காத ஆள். வியாழக்கிழமை ராத்திரி செத்தால்தான் தனக்குச் சாப்பாடு என்று ஆரம்பித்தான்.

"வந்ததும் மேகசினை உருவிப் போட்டுட்டு, நாற்காலியில இருக்கற என் நெஞ்சைப் பாத்து விசையை அமுக்குவா. நான் கண்ணைச் சொருகிட்டுச் சாயணும். அப்பறந்தான் தட்டு வரும். இருவது வருஷமா இதே கூத்துதான்."

பிறந்த பிள்ளைக்கும் துப்பாக்கியை மனுஷன் பக்கம் திருப்பாதே என்று சொல்லிக்கொடுக்கிற ஊர் இது. இந்த மனிதன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். குழலுக்குள் ஒரு தோட்டா இருக்குமே என்று கேட்டேன். இருக்கும்தான், அதை இழுத்து எடுக்க அவள் மெனக்கெடுவதில்லை, மேகசின் வெளியே வந்துவிட்டால் விசைதான் பூட்டிக்கொள்கிறதே என்றான்.

ஆரின் கையிலிருந்த அரத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஹார்லன், அந்தப் பூட்டை நான் கழட்டிட்டேன்."

ஹார்லனின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. விசையைத் தொடாதே என்று அவளிடம் சொல்ல நான் அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஆரினின் வண்டியில் மூன்று பேரும் ஏறினோம்.

வீட்டுக்குள் வெடிமருந்து வாடை. வெர்னெல் தரைவிரிப்பில் உட்கார்ந்திருந்தாள். மேகசின் மடியில் கிடந்தது, துப்பாக்கி எட்ட ஒரு மூலையில் கிடந்தது. ஹார்லனின் நாற்காலியில், அவன் நெஞ்சு சாய்கிற இடத்தில், துணி கிழிந்து பஞ்சு பிதுங்கியிருந்தது.

"புது விசையை உனக்குக் காட்டணும்னு காத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் ஹார்லனிடம். "நீ வரல. சரி, நாற்காலிக்கே காட்டுவோம்னு…"

ஹார்லன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஆரின் வாசலில் நின்றபடி, தப்பு என்னுடையதுதான், சொல்லியிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவள் தலையை ஆட்டினாள்.

"நீ ஒரு தகட்டைத்தான் எடுத்த, ஆரின். இந்த மனுஷனை இருவது வருஷமா வாராவாரம் சுட்டது நான்."