அவளுக்கு எறி

எங்கள் கொலேஜுக்கு ஒரு பேஸ்போல் அணி இருந்தது என்று சொன்னால் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிப்பதில் நியாயம் உண்டு. மீன்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் குடியிருந்த எங்களுக்கு ஓடுவதற்கே இடமில்லை. அதற்குள் அமெரிக்காக்காரனின் விளையாட்டு வேறு. கொலேஜ் என்றால் பிரான்சில் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிற பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இதில் குழப்பமில்லை, அங்கேயும் பள்ளிக்கூடங்களுக்குக் கல்லூரி என்று பேர் வைத்திருக்கிறார்கள். மேல்மாடியில் இருந்த சென்னைக்கார அண்ணா மட்டும், "பன்னெண்டு வயசுலயே காலேஜ் டீமா?" என்று வாயைப் பிளந்தார். அம்மா அவரைத் திருத்தவில்லை.

அணி எங்கள் விளையாட்டு ஆசிரியையின் பைத்தியம். இளவயதில் இரண்டு வருடம் கனடாவில் இருந்தவர், அங்கே பிடித்ததைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டினார். புதன்கிழமைகளில் மத்தியானத்தோடு பள்ளி முடிந்துவிடும். சாப்பிட்டதும், பாரிஸைச் சுற்றி ஓடும் பெரிபெரிக் நெடுஞ்சாலை ஓரத்து மைதானத்துக்கு எங்களை நடத்திக் கூட்டிப்போவார். வாகனச் சத்தத்தில் அவர் கத்துவதில் பாதி கேட்காது. கேட்ட பாதியும் விளங்காது.

எனக்கு மட்டும் கொஞ்சம் விளங்கியது. காரணம் எல்லே. ஊரில் பள்ளிக்கூடங்களில் விளையாடுகிற அதே எல்லேதான்: ஒருவர் பந்தைப் போட, இன்னொருவர் தடியால் அடித்துவிட்டு வட்டமாக ஓடவேண்டும். லெ பிளாங்-மெனிலில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வருடாவருடம் போய்ப் பழகியிருந்தேன். இப்படி ஏதாவது விளையாட்டு யாருக்காவது தெரியுமா என்று ஆசிரியை முதல் நாள் கேட்க, எனக்கு எல்லே தெரியும் என்று எழுந்து நின்று சொன்னேன். பிரெஞ்சில் 'எல்' என்றால் 'அவள்'. எவளைத் தெரியும் என்று பின்வரிசையிலிருந்து கேட்டுக் கொஞ்ச நாள் சிரித்தார்கள்.

எல்லேக்கும் பேஸ்போலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எல்லேயில் ஓடுகிற ஆளுக்குப் பந்தால் எறியலாம், பட்டால் அவர் அவுட். ரெனிஸ் பந்துதானே, முதுகில் பட்டால் சுள்ளென்னும், அவ்வளவுதான். பேஸ்போலில் அப்படி எறியவே கூடாது. பேஸ் என்கிற தரிப்பில் கையுறையோடு நிற்கிற தன் அணிக்காரிக்கு எறிந்து, ஓடுகிறவள் வந்துசேரும் முன் அவள் பிடிக்கவேண்டும். முதல் பயிற்சியில் நான் ஒரு பெடியனின் முதுகைக் குறிபார்த்தே எறிந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், ஆசிரியை சிரிக்கவில்லை. இந்தப் பந்து கல் மாதிரி, இன்னொரு தரம் இப்படிச் செய்தால் அணியில் இடமில்லை என்றார். ஆகவே சட்டம் தெரியாது என்று நான் சொல்லமுடியாது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் அணிக்கு ஒரே ஒரு ரசிகர் இருந்தார், என் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் இரண்டு அறை வீட்டின் சோபாவில் படுத்து, பக்கத்துத் தெரு உணவகமொன்றின் குசினியில் கோப்பை கழுவினார். விசா இல்லை. அகதிக் கேஸ் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டு, நாட்டைவிட்டுப் போகச்சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. சட்டத்தரணி மூலம் திரும்ப ஒரு மனுப் போட்டிருந்தார்கள். அதற்கு முடிவு வரும்வரை பொலிஸ் கண்ணில் படாமல் இருப்பதுதான் அவருடைய முழுநேர வேலை. மெற்றோ வாசலில் பொலிஸ் நின்றால் அடுத்த ஸ்ரேசன் வரை நடப்பார். ரிக்கற் இல்லாமல் ஒருதரமும் ஏறமாட்டார். சிவப்பு விளக்கில் வீதியைக் கடக்கமாட்டார். பாரிஸில் இவ்வளவு ஒழுங்கான மனிதரை நான் பிறகு காணவில்லை.

புதன்கிழமை அவருக்கு லீவு. மற்றப் பிள்ளைகளின் தாய்தகப்பனெல்லாம் வேலையில் இருக்க, இவர் மட்டும் கம்பிவேலிக்கு வெளியே ஜாக்கெற்றுக்குள் கையை விட்டபடி நிற்பார். கைதட்டமாட்டார், கத்தமாட்டார். யாராவது நிமிர்ந்து பார்த்தால் ஒரு மரம் தள்ளிப் போய் நிற்பார்.

ஒக்ரோபரில் தொடங்கி மே வரை எட்டு ஆட்டங்கள். முதல் ஐந்திலும் தோற்றோம். ஒன்றில் எங்கள் பந்துவீச்சுக்காரன் இடையில் பல் வைத்தியரிடம் போய்விட்டான். இன்னொன்றில் மழை எங்களைக் காப்பாற்றியிருக்கலாம். நாங்கள் தோற்று முடியும் வரை பொறுத்திருந்துவிட்டுப் பெய்தது. ஆறாவதை வென்றோம், எதிரணியில் பாதிப்பேருக்குக் காய்ச்சல். ஏழாவதையும் வென்றோம், அதற்கு ஒரு சாட்டும் இல்லை. எட்டாவதையும் வென்றால் கடைசி இடத்திலிருந்து தப்பலாம் என்று ஆசிரியை சொன்னபோது எங்களுக்கு உலகக் கிண்ணமே கைக்கெட்டியது போல இருந்தது.

எட்டாவது ஆட்டத்துக்கு நகரத்தின் மறு அந்தத்திலிருந்து ஒரு பள்ளி வந்தது. நீலச் சட்டை, ஆளுக்கொரு சொந்தக் கையுறை. அவர்களுடைய பெற்றோர் மடக்குக் கதிரைகளோடு வந்து வரிசையாக இருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால் நின்றோம். இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் போதும். நீலச் சட்டைக்காரி ஒருத்தி அடித்த பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. அவள் முதல் பேஸை நோக்கி ஓடினாள். பேஸில் எங்கள் அணிக்காரி கையுறையை விரித்துக்கொண்டு நின்றாள். நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க, இருவரும் ஏறக்குறைய ஒரே திசையில் தெரிந்தார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் விறைத்துப்போனேன்.

வருடம் முழுக்க வாயே திறக்காத மாமா அப்போதுதான் கத்தினார்.

"அவளுக்கு எறி, பிள்ளை! அவளுக்கு எறி!"

ஆர் இந்த ஆள், என்ன மொழியில் கத்துகிறான் என்று ஓடிக்கொண்டிருந்தவள் முகத்தைத் திருப்பினாள். நான் எறிந்தேன். எல்லேயில் எறிகிற மாதிரி, ஓடுகிற ஆளுக்கு, முழுப் பலத்தோடு. அவர்கள் போடுகிற தலைக்கவசம் தலையைக் காக்கும், முகத்தைக் காக்காது.

அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். இதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்குத் துணிவில்லை. பிறகு நான் கண்டது, வேலிக்கு வெளியே நின்ற மாமா உள்ளே இருந்தார். தன் ஜாக்கெற்றைக் கழற்றி அவளுடைய தலைக்குக் கீழே வைத்திருந்தார். அவளுடைய தகப்பன் வந்து அவரைப் பிடித்துத் தள்ளினார். சைரன் சத்தம் கிட்டக்கிட்ட வந்தது. மாமா போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளையின் இடது கண்ணில் பார்வை பாதிதான் திரும்பியது என்று பிற்பாடு அறிந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளி அதிபர் என் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டார். அப்பாவின் பிரெஞ்சு மளிகைக்கடைக் கல்லாவைத் தாண்டாது, அம்மாவுடையது அதற்கும் குறைவு. அலுவலகம், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான், அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. அன்றைக்குக் குற்றவாளியும் நான், மொழிபெயர்ப்பாளரும் நான்.

எனக்குச் சட்டம் தெரிந்திருந்ததா என்று அதிபர் கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் வேண்டுமென்றே எறிந்ததாகத்தான் எடுக்கவேண்டும், ஒழுங்கு விசாரணைச் சபை கூடும், பள்ளியிலிருந்து விலக்கவும் கூடும் என்றார். அதை நான் தமிழில் சொல்ல அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பிறகு அதிபர், வேலியோரம் ஓர் ஆள் ஏதோ கத்தினாராமே, என்ன சொன்னார் என்று கேட்டார். அந்தக் கேள்வி மட்டும் அம்மாவுக்கு மொழிபெயர்க்காமலே விளங்கியது. "ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொல்லு" என்று மெல்லச் சொன்னார்.

நாய்க்குக் கல்லெறிவதும் எங்களுக்கு 'க்கு'தான், கூட நிற்கிற பிள்ளைக்குப் பந்தெறிவதும் 'க்கு'தான். பிரெஞ்சில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். அவளிடம் எறி என்றும் நான் சொல்லலாம், அவள்மேல் எறி என்றும் சொல்லலாம். மாமா எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எந்தச் சொல் என்னைக் காப்பாற்றும் என்று மட்டும் தெரிந்தது. அவள்மேல் எறியச் சொன்னார் என்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது, பயம். அதைச் சாட்டாகச் சொல்லவில்லை.

அதிபரின் முகம் இளகிவிட்டது. பெரியவர் ஒருவர் சொல்லிப் பிள்ளை செய்திருந்தால் அது வேறு விஷயம் என்றார். அந்தப் பெரியவர் ஓர் அத்தெஸ்தாசியோன் எழுதித் தரவேண்டும். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் கேட்கிற வாக்குமூலக் கடிதம்தான்: பெயர், முகவரி, கையெழுத்து, கூடவே அடையாளப் பத்திரத்தின் ஃபோட்டோ கொப்பி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே பிடியாய் நின்றார். தம்பியின் பேர் ஒரு கடுதாசியிலும் வரக்கூடாது, பிள்ளையை விலக்கினால் விலக்கட்டும், வேறு பள்ளியா இல்லை என்றார். அப்பாவோ, மாமா வேலைக்குப் புறப்படுமுன் அவரைக் கூப்பிட்டு, அன்றைக்கு உண்மையில் என்ன சொன்னாய் என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தேன்.

"ஓம் அத்தான். ஆளுக்குத்தான் எறியச் சொன்னனான். எங்கட எல்லே எண்டு நினைச்சிட்டன்."

எனக்கு நெஞ்சுக்குள் இருந்த பாரம் முழுக்க இறங்கியது. பார்த்தீர்களா, நான் பொய் சொல்லவில்லை என்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன்.

மாமா தமிழில் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் எழுதினேன். அவருடைய நீளமான பேரை ஒரு எழுத்தும் பிசகாமல், பெரிய எழுத்தில். கடைசியில் சரியாக எழுதினேனா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார். அவரிடம் படத்தோடு இருந்த ஒரே பத்திரம், கேஸ் நடந்த காலத்தில் கொடுத்த பழைய தாள். திகதி முடிந்து இரண்டு வருடம். அதைக் கீழே ரெலிபோன் கடைக்குக் கொண்டுபோய்க் கொப்பி எடுத்தது நான்தான். கடைக்கார அண்ணை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைக் கொடுக்கப்போவது மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஓம் என்றேன். ஒன்று தொலைந்தாலும் என்று இரண்டு கொப்பி எடுத்தேன்.

விசாரணைச் சபை கூடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் தகப்பன் பொலிஸில் முறைப்பாடு கொடுக்க, கடிதமும் கொப்பியும் கோப்போடு கோப்பாக அங்கே போய்ச் சேர்ந்தன. மூன்று கிழமையில் மாமாவுக்கு அழைப்பு வந்தது. போகவேண்டாம், வில்லியே லே பெல்லில் கூட்டாளி வீட்டுக்கு மாறிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா காலைப் பிடிக்காத குறை. "நான் போகாட்டி பிள்ளையைக் கூப்பிடுவினம், அக்கா" என்றார் மாமா.

போனவர் பின்னேரம் வரவில்லை. மூன்றாம் நாள், நாடுகடத்தப் போகிறவர்களைப் பூட்டிவைக்கிற இடத்திலிருந்து தொலைபேசி வந்தது. பன்னிரண்டாம் நாள் கொழும்புக்கு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அம்மா ஒருநாளும் என்னைக் குறைசொல்லவில்லை. சோபாவில் மட்டும் நெடுநாள் யாரையும் படுக்கவிடவில்லை.

எனக்கோ மாமாவின் மேல் கோபம். அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திராது, அந்த ஆட்டத்தை இழந்து நாங்கள் கடைசி இடத்துக்கும் வந்திருக்கமாட்டோம் என்று பள்ளியில் சிநேகிதிகளிடம் சொல்லித் திரிந்தேன். அதைத்தான் நான் நம்பவும் செய்தேன், வருடக்கணக்காக.

மாமா இப்போது வவுனியாவில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். போன வருடம் வாட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருந்தபோது, இத்தனை காலமும் கேட்காததைக் கேட்டேன். அன்றைக்கு ஆருக்கு எறியச் சொன்னீர்கள்?

"பேஸில நிண்ட பிள்ளைக்கு. வேறை ஆருக்கு?" என்றார் மாமா. "உங்கட விளையாட்டில ஆளுக்கு எறியக்கூடாதெண்டு நீதானே எனக்குச் சொல்லித் தந்தனீ."

பிறகு அவராகவே, அந்தப் பிள்ளையின் கண் இப்போது எப்படி என்று விசாரித்தார். தெரியாது என்றேன்.

அவர் பொலிசுக்குப் போன காலை ஜூன் மாதத்து நல்ல வெயில். நான் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்க, மாமா ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுவெற்றரும் தடித்த காலுறையும் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். இந்த வெயிலுக்கு ஏன் மாமா என்று கேட்டேன். "அங்கை குளிரும், பிள்ளை" என்றார். பொலிஸ் ஸ்ரேசனுக்குள் அவ்வளவு குளிரா என்று யோசித்துக்கொண்டே நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.