பாதி டம்ளர் டீ

இராஜபாளையத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் போனேன். அங்கே என் வயதுக்காரர் ஒருவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் முழு டம்ளர். எனக்கு மட்டும் பாதி. புதிதாக வந்தவன் என்ற இளக்காரமோ? சுருக்கென்றது.

"எனக்கு மட்டும் ஏன் பாதி?" என்றேன்.

"கை நடுங்குதுல்லண்ணே. முழுசா ஊத்துனா மேல கொட்டிரும். இதைக் குடிங்க, பொறவு மிச்சத்தைத் தாரேன்."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் மனைவியும் இப்படித்தான் பாதிப் பாதியாகத் தருவாள். கஞ்சத்தனம் என்று நினைத்து, ஒருநாள் சுடச்சுட அவள் முகத்திலேயே வீசினேன். அந்தத் தழும்போடு இப்போது சுந்தரபாண்டியத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள்.

முன்பின் தெரியாத மனிதரிடம் கேட்ட அந்தக் கேள்வியை, அவளிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.