என் இழுப்பறையில் பூட்டிய மாத்திரைகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நான் நர்ஸ். வெட்டுக்காயம், தலைவலி, வேலைக்கு டிமிக்கி கொடுக்க வரும் பொய்த் தலைவலி, இவைதான் என் பிழைப்பு.

அசெம்ப்ளி லைனில் இருந்த ஆரம்பாக்கத்துப் பெண் அந்த ரகமில்லை. இருபத்திரண்டு வயது, லூபஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். தினமும் காலையில் சாப்பிட்டதும் ஸ்டீராய்டு மாத்திரை போட்டாக வேண்டும்; திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவளுக்கு நாஷ்டா கேன்டீனில்தான். கேட்டுக்குள் பை, போன், மாத்திரை எதையும் தொழிலாளிகள் கொண்டுவரக் கூடாது. வீட்டில் வைத்தால், மாப்பிள்ளை பார்க்கிற நேரம், வந்து போகிறவர்கள் கண்ணில் பட்டுவிடும்.

நான் ஒரு வழி சொன்னேன். முதலுதவி அறைக்கு என்று கேட்டில் சொல்லி, மாத்திரை மொத்தமும் என் இழுப்பறையில், பூட்டி. எட்டரைக்கு வருவாள், விழுங்குவாள், போவாள். லீவு நாளுக்கு மட்டும் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புவேன். யாராவது கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்லிவிடு என்றும் நானே கற்றுக்கொடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நான்கு நாள் லீவில் போய்விட்டேன்.

எனக்குப் பதிலாக வந்த நர்ஸிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் நோயைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அறை வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறாள். நான்காம் நாள் லைனிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது கூட வேலை செய்கிற பெண் சொன்னாளாம்:

"சத்து மாத்திரதான் சார் சாப்ட்டுகினு இருந்துச்சு."

அவள் அம்மா வந்து சொல்லும்வரை டாக்டருக்கு விஷயம் பிடிபடவில்லை. அதற்குள் நிலைமை மோசமாகிவிட்டிருந்தது.

வார்டில் போய்ப் பார்த்தேன். "ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று அவளிடமே கோபப்பட்டேன்.

"ஆபரேஷன்னு சொன்னாங்கோ. உங்கள இன்னாத்துக்கு பேஜாரு பண்றதுன்னு உட்டுட்டேங்க்கா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். வழக்கம்போல இழுப்பறையைத் திறந்து, மாத்திரைகளை வாங்கி வைக்கக் கை நீட்டினேன். அவள் எதையும் தரவில்லை. டாக்டர் சீட்டைச் சூப்பர்வைசரிடம் காட்டி, மாத்திரையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தாள்.

"அவர் என்ன கேட்டார்?"

"உடம்புக்கு இன்னான்னு கேட்டாரு. சொன்னேன். நோட்ல எழுதிக்கினாரு. அவ்ளோதாங்க்கா."