ஞாயிற்றுக்கிழமைகளில் கழன்ற போல்ட்டுகள்

எங்கள் அப்பாவின் பழைய காரில் மூன்று போல்ட்டுகள் இருந்தன. வாரம் முழுக்க ஒழுங்காக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கழன்றுகொள்ளும். நம்புவீர்களோ மாட்டீர்களோ, என் ஒன்பதாவது வயதில் நான் கவலைப்பட்டதெல்லாம் அந்த மூன்று போல்ட்டுகளைப் பற்றித்தான்.

அப்போது நானும் அப்பாவும் தீவுப் பக்கம், டத்தோ கிராமாட்டில் இருந்தோம். அம்மா கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், கெப்பாலா பத்தாஸில், மாமா வீட்டில் இருந்தார். அம்மாவுக்கு அங்கே வேலை மாறிவிட்டது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வேலை மாறினால் பேச்சும் நின்றுபோகுமா என்று நான் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் அப்பா என்னைக் கொண்டுபோய் கேட்டருகில் இறக்கிவிடுவார். இஞ்சினை நிறுத்தவே மாட்டார். சாயங்காலம் வந்து ஹார்ன் அடித்தால் நான் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். அம்மா கதவோரம் நின்று கையசைப்பார். எனக்கா, அப்பாவுக்கா என்று தெரியாத ஓர் அசைப்பு.

ஒரு ஞாயிறு, கேட்டுக்கு முன்னால் கார் இருமியது. உஸ்ஸென்று ஒரு சத்தம், அப்புறம் இஞ்சின் நின்றேவிட்டது. மாமா லோரிப் பட்டறையில் வேலை செய்தவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பானட்டைத் திறந்தார். இஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் கனத்த குழாய் ஒன்று உண்டு, இன்டேக் மேனிஃபோல்ட் என்பார்கள். அதை இஞ்சினோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகளில் மூன்று தளர்ந்துபோய், இடுக்கு வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"இப்ப முறுக்கக் கூடாது மச்சான். சூட்டுல முறுக்கினா ஆறினதும் மறுபடி லூசாயிடும். நாலு மணி நேரம் ஆறட்டும்லா" என்றார் மாமா.

அப்பா காரைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் உள்ளே வந்தார்.

அன்று மதியம் மேசையில் நாலு தட்டு. அப்பாவும் அம்மாவும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "அப்பாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார் அம்மா. இரண்டடி தூரத்தில் இருந்த அப்பா, "போதும்னு சொல்லு" என்பார். நான் தபால்காரி மாதிரி இரண்டு பக்கமும் பட்டுவாடா செய்தேன்.

மூன்று மணிக்கு மாமா முறுக்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடி கழன்றிருந்தது. அதற்கடுத்த வாரமும். மாமா இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினார், வாஷர்களை மாற்றினார். இஞ்சின் அதிகமாக ஆடுகிறதோ என்று அதைத் தாங்கும் ரப்பரைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். "இருவது வருசமா காடி பாக்குறேன், இப்படிப் பேய் புடிச்ச போல்ட்ட பாத்ததில்ல" என்று தலையைச் சொறிந்தார்.

இஞ்சின் ஆறும் நேரத்தில் அப்பா சும்மா இருக்கமாட்டார். அம்மாவுக்குத் துணிக்கொடி கட்டிக் கொடுத்தார். ஒரு வாரம், ஆடிக்கொண்டிருந்த கூரைக் காற்றாடியைச் சரிசெய்ய ஏணியில் ஏறி, "ஸ்பேனர்" என்று கையை நீட்டினார். நான் எடுப்பதற்குள் அம்மா கொடுத்துவிட்டார்.

"இது இல்ல, பத்தாம் நம்பரு."

"மொதல்லயே பத்துன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மட்டும் ஒனக்கு வெளங்கியிருக்குமா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். தபால்காரிக்கு அன்றோடு வேலை போயிற்று.

பிறகு மாமா ஒரு யோசனை சொன்னார். போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் ஒரு கோடு போட்டுவிட்டால், எது எவ்வளவு திரும்புகிறதென்று தெரிந்துவிடுமாம். வீட்டில் பெயிண்ட் இல்லை. அம்மா தன் சிவப்பு நெயில் பாலிஷைக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த ஞாயிறு பார்த்தால் மூன்று கோடுகளும் முறிந்திருந்தன. மூன்றும் அளந்துவைத்தாற்போல் கால் சுற்று.

"ஆட்டத்துல கழர்றது ஒண்ணு கூடவும் ஒண்ணு கொறச்சலுமாத்தானே கழரும்" என்று முனகிய மாமா, நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி மச்சான். ஆறட்டும்."

அதற்குப் பிறகு மாமா எதையும் மாற்றவில்லை, தலையையும் சொறியவில்லை. வாராவாரம் ஆறவைத்து முறுக்கினார். அம்மா நாங்கள் வருமுன்பே நாலு பேருக்கு உலை வைத்திருந்தார். கார் கெட்டுப்போகும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, அம்மாவிடம் போக வேண்டும் என்று அழுதேன். "இந்தக் காடிய நம்பி அடிக்கடி பாலம் ஏற முடியுமா?" என்றார் அப்பா.

"போல்ட்டு சரியாயிட்டா தெனமும் போலாமாப்பா?"

"போலாம், போலாம்."

அது போதாதா எனக்கு!

சனிக்கிழமைகளில் அப்பா தொழிற்சாலை பஸ்ஸில் ஓவர்டைம் வேலைக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டு வரிசையின் கடைசியில் கார்ப் பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணன் வீட்டில்தான் நான் அன்று பகல் முழுக்க இருப்பேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அப்பாகிட்ட கேட்டியா?"

"அவருக்குத் தெரியக் கூடாதுண்ணே. தெரிஞ்சா அப்புறம் என்ன சந்தோஷம்?"

அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்து, குனிந்து தடவிப் பார்த்தார். "இதுல ஒரு கொறையும் இல்லையே தங்கச்சி."

"ஞாயித்துக்கெழம மட்டும் கழருதுண்ணே."

"போல்ட்டுக்குக்கூட லீவு நாள் தெரியுதா!" என்று சிரித்தாலும், மூன்றையும் கழற்றித் துடைத்து, மரையில் பசை மருந்து தடவி முறுக்கினார். "இனிமே தீ காட்டினாத்தான் அசையும், போ." அம்மா எனக்கே கொடுத்துவிட்ட நெயில் பாலிஷால் மூன்று கோடுகளையும் நானே போட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, கை நடுங்காமல்.

மறுநாள் காலை பல் தேய்த்தபடி ஜன்னல் வழியே பார்த்தேன். அப்பா பானட்டுக்குள் குனிந்திருந்தார். பாலம் ஏறுமுன் ஒருதரம் பார்த்துவிடுவது அவர் வழக்கம். அன்றைக்கு வெகுநேரம் குனிந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"டைட்டா இருக்காப்பா?"

ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே, "டைட்டாத்தான் இருக்கு" என்றார்.

கெப்பாலா பத்தாஸ் வரை கார் ஒருமுறைகூட இருமவில்லை. மாமா கையில் ஸ்பேனரோடு கேட்டுக்கு வந்தார்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல. நல்லா ஓடுது."

மாமா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா கரண்டியோடு கதவோரம் நின்றார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா ஸ்டியரிங்கில் இல்லாத தூசியைத் துடைத்தார். "வாங்க" என்று ஒருவர் சொல்லியிருக்கலாம், "வரட்டுமா" என்று இன்னொருவர் கேட்டிருக்கலாம். எல்லோரும் போல்ட்டை நம்பியே இருந்துவிட்டார்கள். "சாயங்காலம் வர்றேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பா கிளம்பினார்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். பல வருடம் கழித்து அந்தக் காரை விற்ற அன்று பானட்டைத் திறந்து பார்த்தேன். சிவப்பு மங்கியிருந்தது. கோடுகள் மூன்றும் முறியாமல் நேராக இருந்தன.

ஆனால் கார் இருமாமல் வந்த அந்த முதல் ஞாயிறு மதியம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேசையில் நாலு தட்டு இருந்தது. நான் ரகசியத்தை அவிழ்த்தேன். "இனிமே கழரவே கழராதும்மா. பட்டறை அண்ணனக் கூப்பிட்டு நான்தான் சரி பண்ணேன்!"

மாமா சோறு பிசைவதை நிறுத்தினார். அம்மா என் தலையைத் தடவிவிட்டு, நாலாவது தட்டை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் கவிழ்த்து வைத்தார். யாருமே என்னை ஒரு வார்த்தை மெச்சவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.