வீரபாண்டியில் பற்றவைத்த ஹவானா சுருட்டு

போன மாதம் ஒரு சனிக்கிழமை திருப்பூருக்குப் போய்வந்தேன். காரணம் ஒரு சுருட்டுப் பெட்டி. அப்பாவும் குமரேசன் மாமாவும் கூட்டாக நடத்திய பனியன் கம்பெனிக்கு ஸ்பெயினிலிருந்து சரக்கு வாங்க வரும் பையர், ஒவ்வொரு முறையும் கியூபச் சுருட்டு ஒரு பெட்டி தருவார். அப்பா இறந்து எட்டு வருடமாகிறது. மாமா இப்போது கம்பெனி இடத்தைக் காலி செய்கிறார். "உங்கப்பன் பெட்டி இங்கதான் இருக்குது கண்ணு. ரண்டு மிச்சம். வந்து எடுத்துக்க" என்று போன் செய்தார். நான் புகைப்பவள் இல்லை. இருந்தும் உடனே டிக்கெட் போட்டேன்.

சரக்கு கிளம்பிய மாலைகளில் மட்டும் அப்பா மொட்டைமாடியில் சுருட்டு பிடிப்பார். சுருட்டை மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொன்றின் சுவையையும் சொல்ல வேண்டும் என்று பையர் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நாங்கள் அதை விளையாட்டாக்கிக் கொண்டோம். அவர் இழுப்பார், பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வேன். முதல் பங்கு புது நோட்டுப்புத்தகம். நடுப்பங்கு கருப்பட்டி. கடைசி, மழை விழுந்த சிமெண்ட் தரை. பின்னாளில் படித்த குறிப்புகளிலெல்லாம் தேவதாரு, தோல், கோகோ என்றிருந்தது. எனக்கு அந்தக் கருப்பட்டியை ஒருமுறை நாக்கில் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சென்னையிலிருந்து காலை ரயில், ஏழு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து வீரபாண்டி ஆறேழு கிலோமீட்டர்தான். ஆட்டோவுக்கு 220 ரூபாய் ஆனது. "இன்னைக்குச் சம்பள நாளுல்லா, பல்லடம் ரோட்டுல எறும்பு கூட நுழையாது" என்று திருநெல்வேலிக்கார ஓட்டுநர் சந்து சந்தாகச் சுற்றினார்.

மிஷின்கள் போன கூடத்தில் கட்டிங் டேபிள் மட்டும் நின்றது. மாமா அதன் மேல் ஒரு பாலித்தீன் பொட்டலத்தை வைத்தார். ஓரமெல்லாம் டேப். பிரித்தால் பெட்டி. பெட்டிக்குள், சுருட்டுகளைச் சுற்றி, ஏற்றுமதித் துணியோடு போடும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள்.

"மழக்காலம் வந்தா ஜெல்ல மாத்திருவன். எட்டு வருசத்துல ஒரு பூசணம் புடிக்கல, பாரு!"

பார்த்தேன். சுருட்டுக்கு ஈரப்பதம்தான் உயிர். அதை எட்டு வருடமாக ஒரு துளி விடாமல் உறிஞ்ச வைத்திருந்தார். துணியில் பூசணம் பார்த்துப் பயந்த கை.

நூல் வெட்டும் டிரிம்மரால், அப்பா செய்வது போலவே, நுனியை வெட்டினேன். மேலிலை அப்பளமாக நொறுங்கியது. டீயோடு வந்த அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங், புள்ளைக்குப் பொகை ஊதவா கூப்புட்டீங்க? நல்ல மாமன் போங்க!"

"அவ ஊதலடி, டேஸ்ட் பாக்கறா."

"அப்ப எனக்கும் ஒரு இழுப்பு குடுங்க, நானும் டேஸ்டு பாக்கறேன்."

பற்றவைத்து, புகையை விழுங்காமல் வாயில் நிறுத்தினேன். முதல் பங்கு: சருகு, மிளகுக் காரம். சூடாக, வேகமாக எரிந்தது. நடுப்பங்கில் கருப்பட்டிக்காகக் காத்திருந்தேன். கசப்பு வந்தது. அதன்பின் கரி. வாங்கி இழுத்த மாமாவின் முகம் மாறியது.

"ஏங்கண்ணு, அன்னைக்கு வந்த வாசமே இல்லியே? நான் வெச்சது ஏதாச்சும் தப்பாயிருச்சா?"

"இல்லீங்க மாமா. பழசாயிருச்சு, அவ்வளவுதான்."

"பின்னெ? நீங்க மட்டும் அன்னைக்கு மாதிரியேவா இருக்கறீங்க?" என்றார் அத்தை. மாமா சிரித்துவிட்டார். மிஞ்சிய ஒன்றைப் பெட்டியில் வைத்து, புதிதாக மூன்று ஜெல் பொட்டலம் போட்டு, டேப் ஒட்டிக் கொடுத்தார்.

திரும்பும்போது நொய்யல் பாலத்தில், சாயக்கழிவு நாற்றத்துக்கு எல்லோரையும் போல, துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினேன். அப்பாவின் சட்டை வாசம். பருத்தியில் படிந்து ஆறிய புகை. மொட்டைமாடியில் அந்தப் பத்து வயதுப் பெண் சுருட்டை எங்கே சுவைத்தாள்? அவள் சாய்ந்திருந்தது அவர் தோளில். பாலம் தாண்டியும் நான் துப்பட்டாவை எடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமையைத் தவிருங்கள். ரயிலில் பகல் இருக்கையே போதும். நல்ல சுருட்டு கையில் இருந்தால் காற்றுப் புகாத டப்பாவில், தொடாத தூரத்தில் ஈரப் பஞ்சு வைத்துக் காப்பாற்றுங்கள். சிலிக்கா ஜெல் மட்டும் கூடவே கூடாது.

என் பெட்டியில் மாமா போட்ட மூன்று பொட்டலங்கள் இருக்கின்றன. எடுக்கப்போவதில்லை.